கீழே ஆள் தூங்குகிறார்

படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் தமயந்தி மாடி ஏறுவார். ஒரு கையில் செருப்பு, மறு கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். பின்னால் வரும் இருபத்திரண்டு பிள்ளைகளும் அப்படியே. கடைசியாக, சும்மா துணைக்கு வருகிற நான், என் மூட்டு வலியோடு. இரும்புப் படிகளில் நான்காவது படி மட்டும் கொஞ்சம் ஆட்டம் காணும் என்பதால் அதை எல்லோரும் தாண்டிக் கால் வைத்துப் போவார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை அது தெரியாமல் காலை வைத்துவிட்டேன். ‘டங்’ என்றது. இருபத்திரண்டு தலைகளும் திரும்பி என்னைப் பார்த்தன. தமயந்தி உதட்டில் விரலை வைத்து, கண்ணாலேயே கீழ்வீட்டுக் கதவைக் காட்டினார்.

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே, ஷீட் கூரை போட்ட ஒற்றை மாடி அறை. அதுதான் ‘உதயம் கலை அகாடமி’. ஞாயிறுதோறும் பத்து மணியிலிருந்து ஆட்டம், பாட்டு, நாடகம். மாதம் நூறு ரூபாய். முடியாதவர்கள் வந்தால் மட்டும் போதும். பெயர்ப்பலகையை அறைக்கு உள்ளே, சுவரில் மாட்டியிருக்கிறார். வெளியே மாட்டினால் விசாரிக்க வருகிறவர்கள் கீழ்வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்களாம். தன் பெயரைத் தனக்கே சொல்லிக்கொள்ளும் அகாடமி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தமயந்திக்கு நாற்பத்தேழு வயது. வாரத்தில் ஆறு நாள் ஒரு கார்மெண்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே நாற்பது பேரைக் கத்தி வேலை வாங்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிப்போகும். கழுத்தில் எப்போதும் ஒரு நூல் கட்டர் தொங்கும். நாம் ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருப்போம். அவர் கண் நம் சட்டைப் பொத்தானில் தொங்கும் பிசிறு நூலில் இருக்கும். பேச்சு முடிவதற்குள் நறுக்கிவிடுவார். என்னிடம் இப்போது பிசிறுள்ள சட்டை ஒன்றுகூட இல்லை.

அகாடமியில் அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. பிள்ளைகளும்தான். தரையில் ஃபேக்டரிக் கழிவுத் துணியை மூன்று அடுக்காகத் தைத்து விரித்திருக்கிறார். அதன் மேல் குதித்தால் பஞ்சு மூட்டை விழுந்த அளவுகூடச் சத்தம் வராது. பாட்டு முணுமுணுப்பில் நடக்கும். நாடகம் கிசுகிசுப்பில் நடக்கும். நாடகமோ, தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதும் குடம் வைத்த இடத்துக்காக ஊரே சண்டை போடுவதும் பற்றியது. பிள்ளைகளே தங்கள் தெருவைப் பார்த்து, பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலுமாக உண்டாக்கியது. அந்தக் குடுமிப்பிடிச் சண்டையை இருபத்திரண்டு பேரும் மூச்சுக் குரலில் போடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். கொஞ்ச நேரம் போனால் அழகாகவும் இருக்கும். இத்தனை அமைதி தேவைதானா என்று எனக்கு ஒருபோதும் சந்தேகம் வரவில்லை, அதுதான் என் தப்பு.

கீழ்வீட்டில் பெருமாள்சாமி என்பவர் தனியாகக் குடியிருக்கிறார். பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர். வாடகைக்கு அறை கேட்டுப் போன அன்று வீட்டுக்காரர் பத்ரிநாத் இதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். சத்தம் போடாதே என்றுகூடச் சொல்லவில்லை. பெருமாள்சாமி காலையில் வந்ததும் முன்பக்க கிரில் கதவில் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு, பின்வழியாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாராம். பூட்டைப் பார்த்தால் கூரியர்காரர்கூட மணி அடிக்க மாட்டார். தமயந்திக்கு இந்தத் தகவல் போதுமானதாக இருந்தது. அவரைப் போய்ப் பார்க்கவுமில்லை, எதுவும் கேட்கவுமில்லை. தூங்குகிறவரை எழுப்பி, ‘உங்கள் தூக்கம் கெடுகிறதா’ என்று எப்படிக் கேட்பது?

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டால் கோலார் தங்கவயல்தான் பதில். தமயந்தியின் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். அங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான். இரவு ஷிஃப்ட் ஆள் தூங்கும் வீட்டுக்கு முன்னால் பிள்ளைகள் கோலிகூட ஆட மாட்டார்கள். எட்டு வயதில் ஒரு நாள், பள்ளி விழாவுக்காக யாரோ கொடுத்த சலங்கையைக் கட்டிக்கொண்டு தமயந்தி ஆடிவிட்டார். அப்பா எழுந்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு சாயங்காலம் வரைக்கும் மகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, தூங்காமலே இரவு ஷிஃப்ட்டுக்குச் சுரங்கத்தில் இறங்கப் போய்விட்டார்.

“ஒண்ணும் ஆவல சார். நல்லாதான் வந்தாரு. ஆனா எங்கம்மா இருக்காங்களே, காலைல சைரன் ஊதற வரைக்கும் வாசப்படிலயே குந்திகினு இருந்தாங்க. என்னை ஒரு வார்த்த கேக்கல. நானும் கூடவே குந்திகினு இருந்தேன்.”

இதைச் சொன்னபோதும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

அகாடமி ஆரம்பித்த கதை சின்னது. தன் லைனில் தைக்கும் ஒரு பெண்ணின் மகளை டான்ஸ் பள்ளியில் சேர்க்கத் துணைக்குப் போயிருக்கிறார். வரவேற்பில் இருந்தவர் பெயர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. “எந்த அபார்ட்மெண்ட்னு கேட்டாங்க சார். ஃபீஸு அப்பறந்தான்.” அந்த மாதமே இந்த அறையைப் பிடித்துவிட்டார். அது போன ஜூன். அன்றிலிருந்து ஏறக்குறைய எல்லா ஞாயிறும் முடியும்போது, “போதும் சார், இந்த மாசத்தோட மூடிடறேன்” என்கிறார். பொய்யில்லை, நிஜமாகவே அலுத்துப்போயிருக்கிறார். பிள்ளைகள் உடம்பை வளைத்துப் பழகும் நேரத்தில் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடியே தூங்குவார். வாரத்தில் ஒரே விடுமுறை நாளை இப்படிக் கொடுத்துவிட்டவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மூட வேண்டிய காரணம் ஜனவரியில் தானாகவே வந்தது. மாடியை இடித்துத் தங்கும் விடுதியாகக் கட்டப்போவதாகவும், மார்ச் முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும் பத்ரிநாத் சொல்லிவிட்டார். அந்த வாடகைக்கு வேறு அறை பொம்மனஹள்ளியில் இனி கிடைக்காது. மீதி இருந்தது ஒரே வழி. பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடந்தது. தலைமையாசிரியை உஷா மேடம் நல்ல மாதிரி. ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளைகள் அரை மணி நேரம் ஏதாவது செய்யட்டும், பெற்றோர் கமிட்டிக்குப் பிடித்தால் கூடத்தைக் கொடுத்துவிடலாம் என்றார்.

ஆண்டு விழாவில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது. மேடையில் தண்ணீர் லாரி வந்தது. குடங்கள் வரிசையில் நின்றன. ஊரே சண்டை போட்டது. ஒரு வார்த்தை கீழே வரவில்லை. மேடையோரம் நின்ற இரண்டு மைக்குகளிலும் வெறும் மூச்சுதான் கேட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார், பேச்சு வராத பிள்ளைகளா என்று இரக்கத்தோடு கேட்டார். முடிந்ததும் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் ரொம்ப வலித்தது. உஷா மேடம் தமயந்தியைத் தனியே கூப்பிட்டு, “ஏனூ கேளிஸ்லில்லம்மா” என்றார். ஒன்றுமே கேட்கவில்லை என்று. மார்ச் மூன்றாவது ஞாயிறு கமிட்டி மறுபடியும் கூடும், மைக் இல்லாமல் கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி செய்து காட்டினால் பார்க்கலாம் என்று ஒரு வாய்ப்பு கொடுத்தார்.

“சத்தமா பேசுங்க” என்று தமயந்தி ஒவ்வொரு வாரமும் சொன்னார், கிசுகிசுப்பாக. மாடியில் அதைப் பழக வழியில்லை, கீழே ஆள் தூங்குகிறார். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

கமிட்டி கூடும் வாரத்துக்கு முந்தைய வாரம், புதன்கிழமை, முனை டீக்கடையில் ஒருவரைக் கடைக்காரர் ‘பெருமாள்சாமி’ என்று கூப்பிட்டார். அன்றைக்கு அவருக்கு வார விடுமுறை. நானே போய் அறிமுகம் செய்துகொண்டு, எங்களால் உங்கள் தூக்கம் கெடவில்லையே என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மேல ஆளுங்க கீறாங்களா? ஓனரு பழைய சாமான் போட்டு வெச்சிருக்காருன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்.”

பிறகு விவரமாகச் சொன்னார். தீபாவளியிலிருந்து அவருக்குப் பகல் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவார், ஞாயிறு உட்பட. பூட்டு வழக்கம்போலத் தொங்குகிறது, அவ்வளவுதான். இரவு ஷிஃப்ட்டில் இருந்தபோதும் பாதகமில்லையாம். படுத்தால் தலைமாட்டில் பட்டாசு வெடித்தாலும் எழுந்திருக்க மாட்டாராம். இதையும் சொல்லிவிட்டு என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டின் அடியில், பிள்ளைகள் வருமுன், தமயந்தியிடம் சொன்னேன். செருப்பைக் கையில் பிடித்தபடி அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீபாவளியிலிருந்தா என்று ஒரு தடவை கேட்டார். பிறகு முதல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“புள்ளைங்க வாய நானே சார் மூடி வெச்சிருக்கேன். எல்லாரும் அவங்கள வாய மூடுன்னுதான் சொல்றாங்கோ. நானும் அதையேதான் செஞ்சிருக்கேன்.”

இந்தத் தடவை ‘மூடிடறேன்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

மாடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, கீழே யாரும் இல்லை, இனிக் கத்தலாம் என்றார். முதல் வசனம் ஆஷாவுடையது. பன்னிரண்டு வயது, ஒல்லிக்குச்சி. தெருமுனையில் காவல் நின்று, லாரி தலை தெரிந்ததும் ஊரைக் கூப்பிட வேண்டியவள். எழுந்து வாயைத் திறந்தாள். வந்தது மூச்சுக் குரல். தரையைப் பார்த்துக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள், அதுவும் சத்தமில்லாமல். தமயந்தி எழுந்தார். பிறகு எல்லோரையும் செருப்பு மாட்டச் சொல்லி ஓசூர் ரோட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்.

சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் மெட்ரோ தூண் அடியில் அவர். நடுவில் பஸ், லாரி, ஆட்டோ. ஆஷா சொல்வாள், இவர் காதைக் காட்டிக் கையை விரிப்பார். பத்துத் தடவைக்கு மேல் ஆயிற்று. கடைசியில் தமயந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது. “லைன் நாலு! இன்னா பண்றீங்க அங்க?” பிள்ளைகள் தூக்கிவாரிப் போட்டது போல் நிமிர்ந்தார்கள். நடைபாதையில் காய்கறிப் பையோடு போன இரண்டு பெண்களும் சட்டென்று நின்று திரும்பினார்கள்; எந்த கார்மெண்ட்ஸோ பாவம். அந்தப் பக்கத்திலிருந்து ஆஷா பதிலுக்குக் கத்தினாள். முதலில் குரல் உடைந்தது. பிறகு உடையவில்லை. வெயில் இறங்கும்வரை கத்தினார்கள். தமயந்தி அதற்குள் வெந்நீர் முழுவதையும் குடித்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றார்.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முடிவை வெள்ளிக்கிழமை சொல்வதாக உஷா மேடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்த பெஞ்சில் நானும் தமயந்தியும். மேடை வெகு தூரத்தில் தெரிந்தது. ஒரு கமிட்டிக்காரர் ஃபோனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

ஆஷா மேடை ஓரத்துக்கு வந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

“தண்ணி லாரி வந்துடுச்சு!”

கூடத்தின் தகரக் கூரையில் பட்டு அது எங்கள் சுவர்வரை வந்தது. ஃபோன்காரர் தலையைத் தூக்கினார். அந்த நொடியிலேயே தமயந்தியின் வலது கை தானாக எழுந்து, விரல் உதட்டில் போய் நின்றது. நான் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். கையை மெல்லக் கீழே இறக்கினார். தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.