இரண்டு அண்ணன்கள்

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் அவர். முதன்முதலாக விமானம் ஏறியவரும் அவரே. சமரச மையத்தில் எட்டு வருடம் கோப்பு சுமந்த உதவியாளரான அவரை, வெளிநாட்டுத் தமிழ் வக்கீல்களுக்குச் சமரசம் பழக்கும் குழுவில் அதன் தலைவியான மேடம் சேர்த்துக்கொண்டதும், அவருடைய அப்பா தெருவில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

"என் பையன் வக்கீலுங்களுக்கே பாடம் எடுக்கப் போறான்!"

"தாள் கொடுக்கத்தான்பா போறேன்."

"கொடுக்குறது நீதானே? அப்ப நீதான் வாத்தியார்."

மேடம் சொன்னது வேறு. "தாள்ல தப்பு நடந்தா எல்லாம் பாழ். இந்தத் தடவை ஒழுங்கா முடிங்க, அடுத்த பயணத்துக்கும் நீங்கதான்."

பயிற்சியில் வழக்கு என்பது நாடகம். ஒரு ரொட்டிக் கடைக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பியாக இரண்டு வக்கீல்கள் நடிப்பார்கள். ஆளுக்கொரு ரகசியத் தாள். 'கடை கேட்டு அடம்பிடிக்கவும். உண்மையில் மற்றவர் மன்னிப்புக் கேட்டால் போதும்' என்பது அண்ணனுக்கு. 'மகளின் சிகிச்சைக்குக் கடையை விற்றாக வேண்டும்' என்பது தம்பிக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். மூலையில் ஒன்று, இரண்டு என்ற எண்தான் வித்தியாசம். சமரசம் பேசுபவர் இருவரையும் தனித்தனியே அழைத்து, மனத்தில் இருப்பதைக் கறக்க வேண்டும்.

கடைசி நாள் தேர்வு. அன்று சமரசம் பேசிய பெண் வக்கீலுக்கு அது மூன்றாவது முயற்சி. தோற்றால் இனி வாய்ப்பில்லை. தனிப் பேச்சு முடிந்து, தேர்வாளர் முன் வந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் உதவியாளர் கோப்பைத் திறந்தார். கொண்டுவந்த இரண்டு ஜோடியில் மீதித் தாள்கள் இரண்டு. இரண்டிலும் எண் இரண்டு.

அப்படியானால் தம்பிக்கும் அண்ணன் தாளைத்தான் கொடுத்திருக்கிறார்.

"தம்பியோட உண்மையான தேவை என்ன?" என்றார் தேர்வாளர்.

"மன்னிப்பு, சார். கடையே வேண்டாங்கறார்."

"அண்ணன் சொன்னதைத் தம்பி தலையில கட்டுறீங்களே?"

"ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க, சார்."

"அப்ப சண்டையே இல்ல, வீட்டுக்குப் போகலாம்!" என்றது ஒரு குரல். அறை சிரித்தது. நடித்த இருவரும் மதிப்பெண் போடும்வரை வாய் திறக்கக் கூடாது, உதவியாளரும்தான். பேனா ஒரு பெருக்கல் குறி போட்டது. அடுத்த கேள்விக்கும் அதே பதில், அதே குறி. இன்னும் ஒன்று போனால் முடிந்தது.

தாள்களைத் திரும்ப வாங்குவதும் உதவியாளரே. பையில் போட்டு மூடிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. முன்வரிசையில் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

உதவியாளர் எழுந்துவிட்டார்.

"சார், தப்பு என்னோடது. தம்பிக்கும் அண்ணன் தாளையே கொடுத்துட்டேன். அவங்க சொன்னது சரி."

வக்கீல் திரும்பினார். "மனுஷனா நீங்க? உயிரே போயிடுச்சு எனக்கு!"

மேடம் உதவியாளர் கையிலிருந்த கோப்பை வாங்கிக்கொண்டார்.

மதியம் வேறு வழக்கோடு மறுதேர்வு. தாள்களை மேடமே கொடுத்தார். உதவியாளர் கதவுக்கு வெளியே நின்றார். நான்கு மணிக்கு வக்கீல் போனைக் காதில் வைத்தபடி வந்தார். "பாஸ் ஆயிட்டேன்டி... நிஜமாத்தான்!" உதவியாளரைக் கடந்துபோய், நின்று திரும்பினார். "காலைல நாற்காலிய விட்டுக் கொஞ்சம் சீக்கிரமா எழுந்திருச்சிருக்கலாம் நீங்க."

மேடம் அறிக்கையோடு வந்தார். "எழுதித்தான் ஆகணும். அடுத்த பயணம் உங்களுக்கு இல்ல."

"எழுதுங்க மேடம். நானே சொன்னதையும் சேர்த்து எழுதுங்க."

மேடம் பேனா மூடியைக் கழற்றினார். "எந்தக் கேள்வியில எழுந்தீங்க?"

"ரெண்டாவது முடிஞ்சதும்."

அதையும் எழுதினார்.