கோல் விட்டவனுக்குக் கிண்ணம்

மானிப்பாயில் இரும்புக்கடை வைத்திருக்கும் அருட்பிரகாசத்தின் பிடி உடும்புப் பிடி. இம்முறை அவர் பிடித்தது, தன்னோடு படித்துச் செத்துப்போன சுஹைரின் பெயரில் ஒரு உதைபந்தாட்டக் கிண்ணம். "வாற மாசம் பள்ளிக்கூட மைதானத்திலை அவன்ரை பேர் கேக்கும், ராத்தா" என்று சுஹைரின் அக்கா ஸபூராவிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். பழைய மாணவர் சங்கத்தை அவர் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வாக்குக் கொடுக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

கூட்டத்தில் தலைவர் முத்துக்குமாரு, ஓய்வுபெற்ற அதிபர், நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். 'அமரர் சுஹைர்' என்று எழுதி, பக்கத்தில் குத்துவிளக்குப் படமும் போடச் சொன்னார்.

"அவன் முஸ்லிம், சேர். மர்ஹூம் எண்டு போடுங்கோ" என்றார் அருட்பிரகாசம்.

"சரி. எப்பிடிக் காலமானவர்?"

"சண்டையிலை."

முத்துக்குமாருவுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப, நாட்டுக்காக உயிர்நீத்த வீரர்!"

"எந்த நாட்டுக்காக, சேர்?" என்றார் செயலாளர் எமில்ராஜ்.

"அவன் அரசாங்க ஆமியிலை இருந்தவன்" என்றார் அருட்பிரகாசம்.

தலைவர் பேனையை மூடினார். எமில்ராஜ் எழுந்துபோய் யன்னலை மூடினார்.

"ஊரிலை அரைவாசிப்பேர் அடிக்க வருவினம், ஐசே!" என்றார் தலைவர்.

"மிச்ச அரைவாசி?"

"அதுக்குள்ளை ஆமிக்காரர் பாண்ட் வாத்தியத்தோடை வந்து நிப்பினம். அது இன்னும் பெரிய கரைச்சல்."

தொண்ணூறில் தமிழ் ஆயுத இயக்கம் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தியபோது சுஹைர் ஒரு பையோடு புத்தளம் போனான். அங்கே வேலையில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆமியில் சேர்ந்தான். அவன் செத்த செய்தி வந்தபோது அருட்பிரகாசமும் அகதிதான், ஷெல்லுக்குப் பயந்து ஒரு மரத்தடியில் குடியிருந்தார். "எங்களுக்கு அடிக்கிறவங்களோடை போய்ச் சேந்தானே, விசரன்!" என்று ஏசினார். ஏச ஏச அழுகை வந்தது. அன்றிலிருந்து அவனை நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

"அவனை எனக்குச் சண்டைக்காரனாத் தெரியாது" என்றார் இப்போது. "கோல்கீப்பராத்தான் தெரியும். பந்து கிழக்காலை வந்தா மேற்காலை பாய்வான். உள்ளை போன பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, 'நல்ல அடி, மச்சான்' எண்டு அடிச்சவனுக்குக் கையும் குடுப்பான். அதை எழுதுங்கோ."

அப்படியே எழுதினார்கள். 'எங்கள் கோல்கீப்பர் மர்ஹூம் சுஹைர் ஞாபகார்த்தக் கிண்ணம் – ஆகக் கூடுதலாகக் கோல் விட்ட கோல்கீப்பருக்கு.' ஊரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தோற்றவனுக்குக் கிண்ணம் கொடுத்தால் எவன் சண்டைக்கு வருவான்?

போட்டி நாளில் கரவெட்டி அணியின் கோல்கீப்பர் ஏழு விட்டு வென்றான். வெட்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தவனைப் பிடித்து வந்தார்கள். புத்தளத்திலிருந்து வந்திருந்த ஸபூரா கிண்ணத்தைக் கொடுக்கத் தூக்கினார். மைக்கைப் பிடித்த எமில்ராஜுக்கு உற்சாகம் கரைபுரண்டது.

"ஏழு, அன்பர்களே! ஆனால் சுஹைர், பண்டத்தரிப்பில், ஒரே ஆட்டத்தில், பதினொன்று! அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை!"

கிண்ணம் பாதிவழியில் நின்றது. "பதினொண்டோ?" என்றார் ஸபூரா.

அருட்பிரகாசம் எமில்ராஜின் கையிலிருந்து மைக்கைப் பறித்தார். செத்தவனின் மானத்தைச் சபையில் வாங்கிவிட்டோமே!

"மூண்டெண்டெல்லோ வீட்டிலை சொன்னவன்! மூண்டும் றெபரியின்ரை கள்ள வேலையெண்டு அழுதவன்! பாவமெண்டு உம்மா முட்டை பொரிச்சுக் குடுத்தவ. என்ரை பங்கையும் அவனுக்குத்தான் குடுத்தவ!"

ஸபூரா சிரித்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றினார்.

"புத்தளத்திலை வருஷா வருஷம் பெரியாக்கள் வந்து வீரன், வீரன் எண்டு கதைப்பினம், தம்பி. கேட்டுக் கேட்டு எனக்கு ஆளே மறந்து போச்சு." கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "கள்ளன். வேறை என்ன பொய்யெல்லாம் சொன்னவன்?"

அருட்பிரகாசம் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். "ஆறுதலா இருங்கோ, ராத்தா. கனக்கக் கிடக்கு."

கையை நீட்டியபடி நின்ற கரவெட்டிக்காரனை இருவரும் மறந்தே போனார்கள்.