பதினேழாம் போர்ட்

"யாரையெல்லாம் உள்ளே விடக் கூடாதுன்னு முடிவு பண்ற வேலைம்மா இது. யார் எது கேட்டாலும் தலையாட்டுற பொண்ணு நீ. உன்னால ஆகுமா?" என்று மேலாளர் கேட்டார்.

கிண்டலில்லை, உண்மையாகவே சந்தேகப்பட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. கணினிப் பிரிவில் ஐந்து பேர். தொழிற்சாலையின் கணினி, கேமரா, இயந்திரம் எல்லாவற்றின் கேபிளும் போர்ட் எனப்படும் தனித்தனித் துளைகளில் வந்து சேர்கிற பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அதற்குள் நுழைந்து எதையும் மாற்ற ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அதையும் மறந்துவிடாமலிருக்க ஸ்விட்ச் இருக்கும் ரேக் அலமாரிக் கதவின் உட்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருந்தோம். தணிக்கைக்கு வந்தவர்கள் கதவைத் திறந்து அதைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு வந்த வேலை இது. ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் தர வேண்டும்; அனுமதித்த கணினிகளிலிருந்து மட்டுமே நுழைய விட வேண்டும்; நுழைந்தவர் என்ன செய்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

ஆகும் சார் என்றேன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிய முதல் ஆள் நான். ஆகாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அனுமதிப் பட்டியலில் ஒரு கணினியின் எண் தவறினாலும் எழுதியவரே வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக அணைந்து பழைய நிலைக்கே திரும்பும்படி முதலில் ஒரு கட்டளை கொடுத்துவிட்டு, பட்டியலை அமலாக்கினேன். பட்டியலில் உள்ள கணினியிலிருந்து நுழைந்து பார்த்தேன், விட்டது. இல்லாத ஒன்றிலிருந்து முயன்றேன், விடவில்லை. பத்து நிமிடக் கட்டளையை ரத்து செய்து எல்லாவற்றையும் சேமித்தேன். அன்று உட்கார இடமிருந்தும் ஆவடி வரை ரயிலில் நின்றுகொண்டே போனேன்.

மேலாளர் கையெழுத்திட்ட படிவத்தில் மூன்று கணினிகள்தான் இருந்தன. நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருந்தேன். அது அவனுடைய வீட்டுக் கணினி.

அவன் எங்கள் பிரிவில் எனக்கு முன்பே சேர்ந்தவன், பக்கத்தில் பாடி என்ற இடத்தில் வீடு. காலை ஷிஃப்ட் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் போய்விடுவான். இரண்டு வருடப் பழக்கம் எங்களுடையது. இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, அந்த மாதக் கடைசி ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிக்க நாள் குறித்திருந்தோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பாரே, அந்த ஓலை.

"நா ஊட்டுக்குப் போனப்புறம் எதனா புட்டுகிச்சுன்னா யாரு பாக்குறது? எனக்கு ஒரு லைன் போட்டு வெய்யேன்" என்று கேட்டான். நியாயமாகத்தான் பட்டது. போட்டேன்.

பத்து நாள் கழித்து, தணிக்கைக்கு மாதிரி அனுப்புவதற்காகப் பதிவை எடுத்தேன். அவன் பெயர் நிறைய இடங்களில் இருந்தது. மாலை ஐந்தே முக்கால், ஆறு, ஆறு ஐந்து, ஆறு பத்து. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: பதினேழாம் போர்ட் இயங்குகிறதா, அணைந்துவிட்டதா? எதையும் மாற்றவில்லை, பார்த்துவிட்டு வெளியேறியிருந்தான். பதினேழில் ஏதோ கோளாறு, என்னைத் தொந்தரவு செய்யாமல் வீட்டிலிருந்தே கவனிக்கிறான், பாவம் என்று நினைத்தேன். நானே சரிசெய்துவிடலாமென்று அந்தக் கேபிளைப் பின்தொடர்ந்தேன். ரேக்கிலிருந்து மேலேறி, கூரையை ஒட்டிய தட்டு வழியாக வந்து, மூன்றாவது தூணில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் குனிந்து மேசைக்கடியில் போய்ப் பார்த்தேன். கேபிள் நுனியில் வெள்ளை லேபிள். அதில் பதினேழு என்று அவனுடைய உருண்டை எழுத்து. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அவன்தான் என் கணினிக்கு அந்தக் கேபிளைப் போட்டுக் கொடுத்தான்.

நான் கணினியை அணைத்தால் அந்தப் போர்ட்டும் அணையும். நான் எழுந்துவிட்டேன் என்று பாடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும்.

ரயிலேறியதும் அவனுக்கு மெசேஜ் போடுவது என் வழக்கம். "ஆறு பத்துக்கே எழுந்துட்ட, ரயிலு ஏறச்சொல்ல ஏழாச்சே, இன்னா பண்ணிகினு இருந்த?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். வாட்ச்மேன் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். என்னை இவ்வளவு நினைக்க ஒருவன் இருக்கிறான் என்று பெருமையும் பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நான் ஒன்றும் செய்வதில்லை. அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டு ஒன்றிரண்டு ரயிலை விட்டுவிடுவேன். எங்கள் ஒற்றை அறை வீட்டில் தனியாக உட்கார இடமில்லை. அதைச் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வருமென்று சொல்லாமலிருந்தேன்.

மாற்றினால்தான் பதிவாகும், பார்த்தால் பதிவாகாது என்று அவன் நினைத்திருந்தான். பார்ப்பதும் பதிவாகும்படி செய்தவள் நான். பொதுப் பாஸ்வேர்டு இருந்த காலத்தில் எத்தனை மாலை பார்த்தானோ, அதற்குக் கணக்கில்லை.

மறுநாள் கேன்டீனுக்கு வெளியே அந்தப் பதிவை அச்செடுத்த தாளை அவனிடம் காட்டினேன்.

"சந்தேகம்லாம் இல்ல. பத்திரமா கெளம்பிட்டியான்னு பாத்தேன், அவ்ளோதான்" என்றான்.

"என்னையே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சொல்றத நம்பணும்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. முகம் கறுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் அழுகை வருகிறது. அப்போதும் அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது.

மதியமே நான்காவது வரியை நீக்கினேன். படிவத்தில் இல்லாததை நானாகச் சேர்த்தேன் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன், பதிவையும் சேர்த்து. திட்டுவார் என்று நின்றேன். நிதானமாகப் படித்துவிட்டு, அந்த வரியை எடுத்தாச்சா என்று மட்டும் கேட்டார். பிறகு, வேண்டுமானால் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார். எடுக்கவில்லை. வீட்டில் இருந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அம்மா துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டும் வேலை செய்கிறவள். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"குடிக்கல, கை நீட்டல. உன்னக் கவனிச்சிக்கினு கீறான்னா அது பாசந்தான? இதுக்குப் போயி யாருனா ஓலைய நிறுத்துவாங்களாடி?"

ஸ்விட்ச், போர்ட் என்ற வார்த்தைகளை விட்டுவிட்டு, நான் எத்தனை மணிக்கு வேலை முடிந்து எழுந்தேன், எத்தனை நிமிடம் கழித்து ரயிலேறினேன் என்று தினமும் பார்த்தான் என்று மட்டும் சொன்னேன். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எங்க கம்பெனில பாத்ரூம் போனா சூப்பர்வைசர் டைம் எழுதுவா" என்றாள். பிறகு, "அவளாவது சம்பளத்துக்குப் பண்றா" என்றாள்.

அப்பாவுக்குச் சோறு போட எழுந்து போனாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் சாப்பிடவில்லை. அவனிடமிருந்து ஏழெட்டு முறை போன் வந்தது. எடுத்துப் பேசினால் மன்னித்துவிடுவேன் என்று தெரிந்ததால் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சாமியாரின் அறைக்குப் போனேன். மறுநாள் வாசிக்க வேண்டிய தாளில் எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. யார் நிறுத்தச் சொன்னது, பையன் வீட்டிலா, உங்கள் வீட்டிலா என்று கேட்டார். நான்தான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.