இரையாத பிக்கப்

சர்ச் பாட்டுக்கும் கல்யாணக் கச்சேரிக்கும் என்னிடம் ஒரே கிட்டார்தான். கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் அதன் பழைய பிக்கப்பை மாற்ற, எதை வாங்குவதென்று மாதக்கணக்கில் வீடியோ பார்த்து மண்டை காய்ந்தேன். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் ஒலி தெளிவு, ஆனால் அக்கம்பக்க மின்சாரத்தை வாங்கி இரையும்; இரட்டைச் சுருள் இரையாது, ஆனால் மந்தம். கடைக்காரர் இரண்டையும் கொடுத்து, வேண்டாததைத் திருப்பித் தரச் சொன்னார். வீட்டில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒற்றைச் சுருள் இரையவே இல்லை. அன்று மாலையே மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆம்ப்பைப் போட்டதும் கொர்ரென்றது. ஒயரை மாற்றினேன், அறைக்குள் மூலைக்கு மூலை நின்று பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டு நூல் சுற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அமாவாசை. நெசவாளர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று யாரும் தறி வேலை செய்வதில்லை.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே அமாவாசைக்கு அமாவாசை வாசிங்க."