மஞ்சள் சப்பாத்து

போன வெள்ளிக்கிழமை லண்டன் மனோர் பார்க் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தவள், சப்பாத்துத் தட்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். குதி உயர்ந்த மஞ்சள் சப்பாத்து ஒரு சோடி. யாருடையது என்று அறிய எனக்கென்ன அவ்வளவு ஆவல் என்று கேட்பீர்கள்.

இங்கே வந்த புதிதில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில், மாவு பிசைந்து பாண் சுடும் பகுதியில் எனக்கு வேலை. கூட வேலை செய்தவள் குளோரியா, ஜமேக்காக்காரி. அந்த வாசனையில் இருவருக்கும் எந்நேரமும் பசிதான். தங்கை ஜாய் இறந்துவிட்டாள் என்று ஒருமுறை சொன்னாள். எப்படி என்று கேட்க என் ஆங்கிலத்துக்குத் தைரியம் போதவில்லை.

ஒரு சனிக்கிழமை மச்சாள் வசந்தியோடு சந்தைக்குப் போகிறேன், நூலகத்தின் முன்னால் வரிசை வரிசையாகப் பெண்களின் சப்பாத்துகள்.

“உள்ளுக்கு ஏதோ விசேஷம் போல. கழட்டிப்போட்டு வா, பாப்பம்,” என்றாள் மச்சாள்.

சாப்பாடும் இருக்கும் என்ற நப்பாசை எனக்கு. வரிசை குலையாமல் எங்களுடையதையும் ஓரத்தில் வைத்தோம். மறுபக்கம் பதாகைகளோடு நின்றவர்களைக் கவனிக்கவே இல்லை. சப்பாத்தைக் கண்டால் எங்கள் கண் கதவைத்தான் தேடும். பதாகைக்காரர் பக்கமிருந்து குளோரியா வந்தாள். கொல்லப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கான கவனயீர்ப்புப் போராட்டமாம். ஒவ்வொரு சோடியும் ஒருத்திக்காக. அதில் குதி உயர்ந்த மஞ்சள் சோடி ஜாயுடையது. கூட வாழ்ந்தவனே கொன்றிருக்கிறான். பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை என்றாள்.

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து எங்கள் சப்பாத்துகளை எடுக்கப் போனேன். குளோரியா கையைப் பிடித்தாள். காலையிலிருந்து சனம் சுற்றிக்கொண்டு போகிறது, காலுறையோடு நிற்கும் உங்களைத்தான் திரும்பிப் பார்க்கிறது, கொஞ்சம் நில்லுங்கள் என்றாள்.

“குளிருதுதான். எண்டாலும் இப்ப போகேலாது,” என்றாள் மச்சாள்.

நின்றோம். மரக்கறிப் பையோடு ஒருத்தி, பிறகு ஒரு பஸ் ஓட்டுநர், நின்று என்னவென்று கேட்டார்கள். குளோரியா ஒவ்வொருவருக்கும் முதலில் ஜாயின் பெயரைச் சொன்னாள். மற்றதெல்லாம் பிறகுதான்.

அந்த நூலகம் இப்போது அடுக்குமாடி வீடு. சப்பாத்து வைத்த இடத்தில் காப்பிக் கடையின் மேசைகள். பாண் பகுதியை மூடியதும் குளோரியா எங்கே போனாளோ, ஜாயின் சப்பாத்து இப்போது யாரிடம் இருக்கிறதோ, தெரியவில்லை.

கோயிலில் பிரசாதம் கையில் ஆற, சனமெல்லாம் கலையும்வரை நின்றேன். கடைசியில் ஒரு பெண்பிள்ளை, தட்டை மறித்து நின்ற என்னை விலத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

“சொறி அன்ரி.”

மஞ்சள் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அதன் பிறகுதான் என்னுடையதைத் தேடினேன்.