நான் கழித்துவிட்ட மூன்று எடைகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், மழைக்கு முந்தைய புழுக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, மும்பை செம்பூரில் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தாராவியில் இருக்கும் இதய நோயாளிகளை, அவர்கள் வீட்டில் இருக்கும்போதே இங்கிருந்து கவனிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். காலில் வீக்கம் தெரிவதற்கு முன்பே எடை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எடை மெஷின் கொடுத்திருந்தோம். காலையில் எழுந்ததும் அதில் ஏறி நின்றால் போதும், அவர்களுடைய போன் வழியாக அந்த எடை செம்பூரில் என் திரைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் பெயர் சிவப்பாகும். நான் டாக்டரிடம் சொல்வேன், அவர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். மற்றபடி பச்சை.

எனக்கு எதையும் பட்டியலாகப் போட்டால்தான் நிம்மதி. காலையில் டீ வருவதற்குள் சிவப்புப் பெயர்களை ஒரு பக்கம், எடையே வராத பெயர்களை இன்னொரு பக்கம் எழுதிவிடுவேன். பச்சைப் பெயர்களை எழுதுவதில்லை. அவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படி அதிகமும் பச்சையில் இருந்தவர் ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவருக்கு அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் ரயிலேறிவிடுவார். அக்கா வீட்டிலிருந்தபடியே பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பார். கல்லி என்று அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டிய மாடி அறை அவர்களுடையது.

மெஷின் கொடுக்கப் போன அன்றே ஒரு சிக்கல். மாடியில் தரை என்பது பலகைதான். நடந்தாலே லேசாக அமுங்கும். எடை மெஷினுக்குக் கெட்டியான தரை வேண்டும். நான் யோசித்துக்கொண்டு நின்றபோது கீழ் வீட்டிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "அந்தக் காட்டாவ இங்க கொண்டாந்து வைங்க. எங்க வீட்ல டைல்ஸ் போட்டிருக்கு" என்றார். எடை மெஷினுக்கு அங்கே காட்டா என்றுதான் பெயர். அவர் தென்காசிப் பக்கத்து முஸ்லிம் பெண். கல்லியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'லாத்தா', அதாவது அக்கா. என்னையும் அன்றே அப்படிக் கூப்பிட வைத்துவிட்டார்.

அதனால் மெஷின் லாத்தா வீட்டு வாசலுக்குள்ளே உட்கார்ந்தது. அக்கா தினமும் விடியற்காலை, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பு, ஏணி இறங்கி வந்து ஏறி நிற்பார். ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. அடுத்த வாரம் அவர் பெயர் பயங்கரச் சிவப்பு. நான் பதறிப்போய் போன் செய்தேன்.

"அக்கா, ஒரே நாளில் பதினேழு கிலோ கூடியிருக்கீங்க!"

"அது நான் இல்ல யம்மா, மீன்காரி" என்றார் அவர், நிதானமாக.

மீன்காரி மட்டுமில்லை. லாத்தா வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் போகிற போக்கில் ஒருமுறை ஏறி நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், எதிர்ப் பட்டறைக்காரர், வாடகை பேச வந்தவர். கல்லியில் 'எடை' என்ற சொல்லே கிடையாது, 'வஜன்'தான். ஆளாளுக்குத் தங்கள் வஜனைப் பார்க்க, எல்லாமே அக்கா பெயரில் என் திரைக்கு வந்தது. யாரையும் ஏற விடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"வாசல் தேடி வந்தவளப் பாத்து ஏறாதன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீ அங்க இருந்து பிரிச்சுக்கோ. அதுக்குத்தான படிச்சிருக்க?" என்றார் லாத்தா.

நானும் பிரித்தேன். அக்காவின் எடை ஐம்பத்து நான்கு கிலோ. கடைசியாக வந்த அவருடைய எடையிலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது வேறு ஆள் என்று கழித்துவிடும்படி கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். மறுநாளே திரை சுத்தமாகிவிட்டது. மீன்காரி மறைந்தார், பிள்ளைகள் மறைந்தார்கள், அக்கா மட்டும் பச்சையில் நின்றார். டாக்டர் பாராட்டினார். மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மே மாதம் முலுண்டில் அக்காவின் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். நான்கு நாள் இருக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் குறித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு லாத்தாவிடமிருந்து போன். அதுவரை அவராக என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"யம்மா, ஒன் கம்ப்யூட்டர்ல இவ எப்படி இருக்கா?"

திரையைப் பார்த்தேன். "பச்சைதான் லாத்தா. ஐம்பத்து நாலு கிலோ. நன்னா இருக்காங்க."

"அப்போ என் வீட்டு வாசப்படியில மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கவ யாருன்னு கேட்டுச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. மெஷின் வேலை செய்கிறது, காலையில்கூட எடை வந்திருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

"வஜன் கெடக்கட்டும். ரெண்டு ராத்திரியா மேல பலகைச் சத்தமே இல்ல. அவ படுத்துப் பொரண்டாத்தான எனக்குக் கேக்கும்? சுவத்துல சாஞ்சு உக்காந்தே கெடந்திருக்கா. இன்னிக்கு ஏணி இறங்குததுக்குள்ள ரெண்டு தடவ நின்னுட்டா. நீ ஆளப் பாக்கியா, கம்ப்யூட்டரப் பாக்கியா?"

படுத்தால் மூச்சு முட்டுவதும், உட்கார்ந்தபடியே தூங்குவதும் எதன் அறிகுறி என்று எனக்குத் தெரியும். நுரையீரலில் நீர் ஏறுகிறது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். கழித்துவிட்ட எடைகள் போய்ச் சேரும் பக்கத்தைத் திறந்தேன். மூன்று மாதத்தில் அதை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

திங்கள் 57.4. செவ்வாய் 57.9. புதன் 58.6.

மூன்றுக்கும் எதிரே 'வேறு நபர்' என்று இருந்தது. மூன்றும் காலை ஐந்தே முக்காலுக்குள் வந்தவை. அந்த நேரத்தில் அக்காவைத் தவிர வேறு யார் வந்து ஏறி நிற்கப்போகிறார்கள்? நான்கு நாள் கல்யாண வீட்டில் மூன்று கிலோவுக்கு மேல் நீர் கோத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். கூடியது அதிகம் என்பதாலேயே என் நிரல் அவரை வேறு ஆள் என்று தள்ளிவிட்டு, போவதற்கு முந்தின நாள் எடையைப் பச்சையில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மெஷினிலிருந்து ஏதோ எண்கள் வந்துகொண்டே இருந்ததால், 'எடை வரவில்லை' என்ற எச்சரிக்கையும் எழவில்லை.

டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, அங்கே தெரிந்த டாக்டரிடம் பேச அவர் போனை எடுத்தார். நான் லாத்தாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோ சயனோடு நின்றுவிடும், அதைத் தாண்டி ஓட்ட மும்பையில் அனுமதி இல்லை. அங்கிருந்து கிட்டத்தட்ட ஓட்டம்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது, எதிர்ப் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். லாத்தா முன்னால் நடந்து, "ஹட்டோ, ஹட்டோ" என்று வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டே வந்தார். டாக்ஸி தயாராக நின்றது. அக்காவின் உதடு வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த மூச்சிரைப்பிலும் கேட்டார்:

"காலையில... வஜன் அனுப்புனேனே யம்மா... வந்துச்சா?"

"வந்துது அக்கா" என்றேன். டாக்ஸியின் கதவைத் திறந்து பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எனக்கு அது அடி விழுந்த மாதிரி இருந்தது. நான் திங்கட்கிழமையே கூப்பிட்டிருந்தால், மாத்திரையோடு முடிந்திருக்கும்.

மத்தியானம் அக்காவின் கணவர் தொழிற்சாலை உடுப்போடு வந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். எடை வந்ததையும், என் நிரல் கழித்ததையும், நான் பார்க்காமல் விட்டதையும். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நேத்துக் காலையிலயே அவளுக்கு இளைப்பு எடுத்துச்சு. லீவு போடட்டுமான்னு கேட்டேன். 'அந்தப் பிள்ள போன் பண்ணலையே, ஏதாச்சும்னா பண்ணியிருக்கும், நீங்க போங்க'ன்னா. நானும் ரயிலேறிட்டேன்."

பிரச்சினை என்றால் நாங்களே கூப்பிடுவோம், போன் வராவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என மெஷின் கொடுத்த அன்று சொன்னதே நான்தான். எல்லா வீட்டிலும் சொல்வேன். சொல்லிவிட்டு மறந்துவிடுவேன். அக்கா மறக்கவில்லை. இரண்டு நாள் மூச்சு முட்டியபோதும் தன் உடம்பு சொன்னதைவிட, நான் கூப்பிடாததையே பெரிதாக நம்பியிருக்கிறார்.

ஐந்தாம் நாள் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். லாத்தாவும் பக்கத்தில் இருந்தார். அக்காவிடமும் என் தப்பை ஒத்துக்கொண்டேன்.

அக்கா ஏதும் சொல்வதற்கு முன் லாத்தா முந்திக்கொண்டார். "மூணு கிலோ கூடுனா ஆளே மாறிப்போவாளா? அப்படின்னா எனக்கெல்லாம் நோம்புக்கு ஒரு பேரு, பெருநாளுக்கு ஒரு பேரு வைக்கணும்."

அக்கா சிரிக்கப் போய் இருமினார். பிறகு என் கையைப் பிடித்து, "நானும் ஒரு களவாணித்தனம் பண்ணிருக்கேன், ஏசாத. கல்யாண வீட்ல நாலு நாளும் அந்த நீர் மாத்திரைய நான் போடவே இல்ல. போட்டா அரை மணிக்கு ஒருக்க ஒதுங்கணும். அத்தன ஆம்பளைங்க நிக்கிற எடத்துல எங்க போவேன்? ஒங்கிட்ட சொன்னா நீ ஏசுவியேன்னுதான் மறைச்சேன்" என்றார்.

நான் நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகள் ஒரு பக்கம் நிறைய இருந்தன. வெளியூர் போகிறீர்களா என்று கேட்பேன். போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் ஒரு பெண், லோக்கல் ரயிலில் போகும் நாட்களில் தண்ணீர் குடிக்காமல் இருப்பவள். எனக்கே தோன்றவில்லை.

அந்த நிரலைத் தூக்கிவிட்டேன். கல்லியில் ஒரு புது வழக்கம் வந்தது. குழாயில் தண்ணீர் நிற்கும்வரை மெஷின் அக்காவுக்கு மட்டும், அதற்குப் பிறகு ஊருக்கே. தண்ணீர் நின்ற பிறகு வரும் எண்களை நானும் பார்ப்பேன், வெறும் ஆசைக்கு. மீன்காரி மழைக்காலத்தில் இளைத்ததும், பட்டறைக்காரர் தீபாவளிக்குப் பெருத்ததும் எனக்குத் தெரியும். முகம் பார்த்திராத சிலரைக்கூட எடையை வைத்தே அடையாளம் சொல்வேன்.

அதோடு பச்சைப் பெயர்களையும் தினம் நான்கு பேராகக் கூப்பிடத் தொடங்கினேன். அக்காவின் முறை செவ்வாய்க்கிழமை. எடை, மூச்சு, கால் வீக்கம், மாத்திரை என்று நான் வரிசையாகக் கேட்பேன். அவர் வரிசையை விட்டுவிட்டு, என்ன சமைத்தார், எந்த ஜிப் மாட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தியது, லாத்தா யாரோடு சண்டை போட்டார் என்று சொல்வார். பின்னாலிருந்து லாத்தா, "அவளுக்குக் கல்யாணம் எப்பன்னு கேளு" என்று கத்துவார். நான் மாட்டுங்காவில் பிறந்து, பள்ளியில் தமிழே படிக்காமல் வளர்ந்தவள். நான் பேசுவதைக் கேட்டு இருவரும் என் முன்னாலேயே சிரிப்பார்கள். எப்போதாவது கணவர் போனை எடுத்தால் "குடுக்கேன்" என்ற ஒரே வார்த்தைதான். கடைசிவரை அவர் என்னிடம் அதற்கு மேல் பேசவில்லை. அது அவருடைய நியாயம்.

இப்போது அந்தக் கல்லியே இல்லை, இடித்துவிட்டார்கள். அக்கா தன் மகள் வீட்டோடு முலுண்டில் இருக்கிறார். லிப்ட் இருக்கிற வீடு. லாத்தா எங்கே இருக்கிறார் என்று அக்காவிடம் கேட்டால், "அவ எங்க இருந்தாலும் அங்க கூட்டம் இருக்கும்" என்கிறார். நானும் வேறு நிறுவனத்துக்கு வந்துவிட்டேன். இதே வேலைதான், ஆனால் பல ஊர்களின் நோயாளிகள், பெரிய திரை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையில் மாத்திரம் அந்தச் சந்து ஞாபகம் வந்துவிடும். தண்ணீர் டிரம் உருளும் சத்தமும், போனைத் தாண்டிக் கேட்கும் லாத்தாவின் குரலும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள், நன்றாக இருக்கும் நோயாளிகளை எதற்குக் கூப்பிட்டு நேரத்தைச் செலவழிக்கிறோம் என்று கேட்பார்கள். நாம் கூப்பிடாமல் இருப்பதையும் ஒருவர் நம் பதிலாக எடுத்துக்கொண்டு, அதை நம்பித் தன் நாளைத் தொடங்குகிறார் என்பதை அந்த மூன்று நாட்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. அதை அவர்களுக்குச் சரியாகச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை, அதனால் போனை அவர்கள் கையில் கொடுத்து, ஒருவரைக் கூப்பிட்டு "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கச் சொல்கிறேன்.