ஹெட்மிஸ்ட்ரஸ் தரையில் உட்கார்ந்தாள்

பெரிய பேரன் கடலூரில் வக்கீல். சின்னவன் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் முடிச்சுட்டான். பேத்தி செல்வி சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ். நான் அஞ்சாவதோடு நின்னவள்.

இன்னிக்கு அவள் நடத்தின பெற்றோர் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பத்தாவது பொண்ணுங்க சாயங்கால வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று மைக்கில் சுத்தத் தமிழில் கேட்டாள். மாமனாருங்க முன்னால நாற்காலியில் இருக்க, பின்னால தரையில் இருந்த அவங்க மருமகளுங்க, அந்தப் பொண்ணுங்களோட அம்மாமாருங்க, வாயே திறக்கவில்லை.

செல்வி மைக்கை வச்சுட்டு இறங்கினாள். பட்டுப்புடவையோடு அந்தப் பொம்பளைங்க நடுவில் தரையில் உட்கார்ந்துட்டாள்.

"ஏங்கக்கா, பொண்ணுங்கள ஏன் அனுப்ப மாட்றீங்க?"

"வகுப்பு முடியறதுக்குள்ள கடைசி டவுன் பஸ் போயிடுது டீச்சர். இருட்டுல அவ்ளோ தூரம் நடக்கணும்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எங்கள யாரு கேட்டா?"

நாளையிலேருந்து அந்த வகுப்பு காலையில், பஸ் வந்த பிறகு. மாமனாருங்களும் தலையாட்டிட்டாங்க.

புடவை அழுக்காயிடுச்சுன்னு என் மருமகள் திட்டிக்கிட்டிருக்கிறாள். கிடக்கட்டும்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தப்ப யாரோ போனில் படம் எடுத்தீங்களே, அதை இந்த வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கம்மா. அவள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன அன்னிக்கு மேடையில் மாலை போட்ட படத்தையே எத்தனை நாளைக்கு எல்லாருக்கும் காட்டுவேன்?